மறைத்து வைத்த எண்

எண்டர் பொத்தான் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் பிரதிபா. பக்கத்தில் காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.

"மேடம், எல்லா செக்கும் ஆயிடுச்சு. இன்னும் ஏன் பயப்படறீங்க?" என்றாள் போனில் அக்ஷதா. ஆய்வுக் குழுவில் இவளுக்கு அடுத்தவள்.

பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில் உலகமே இரண்டு கட்சி. ஆதி ஒளியைக் கொண்டு அளப்பவர்களுக்கு விடை அறுபத்தேழு. பக்கத்து விண்மீன் கூட்டங்களைக் கொண்டு அளப்பவர்களுக்கு எழுபத்துமூன்று. அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அளப்பவரின் மனசு ஆசைப்பட்ட பக்கம் சாயும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். குழுவில் ஒருவர் விடையோடு ஏதோ ஓர் எண்ணை ரகசியமாகக் கூட்டிவிடுவார். மற்றவர்கள் அந்தப் பொய் விடையை வைத்துக்கொண்டுதான் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே மறைத்த எண்ணை எடுப்பார்கள்.

இந்த முறை மறைத்தவர் பரத்வாஜ். அவள் கணவர்.

மறைப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். வயிற்றுக் கட்டியையே மாதக்கணக்கில் அவளிடம் மறைத்தார். போன தசராவுக்கு யானைகள் மைசூருக்குள் வந்த அன்று போய்ச் சேர்ந்தார். இதோ, இந்த வருஷத்து யானைகளும் வந்துவிட்டன.

எண்ணை எடுக்கும்போது திரையில் ஒரு வரி வரும்படி எழுதி வைப்பது அவர் குறும்பு. முந்தைய ஆய்வில், "யார் தோத்தாலும் காபி நான்தான் போடணும்" என்று வந்தது.

இந்த முறை அவர் எழுதி வைத்த வரி அவளுக்கு வேண்டும். ஆனால் படித்துவிட்டால் அவரிடமிருந்து புதிதாக இனி ஒன்றும் வராது. அதற்காகத்தான் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஒரு வருஷமாகச் சரிபார்த்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

கூட்டிய எண்: பூஜ்யம்.

அதன் கீழே அவர் வரி: "உங்கிட்ட நான் எதை மறைச்சிருக்கேன்?"

அப்படியானால் பொய் என்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்த எழுபதுதான் நிஜம். இரண்டு கட்சிக்கும் நடுவில், எதையும் தீர்த்துவைக்காமல்.

என்ன வந்தது என்று அக்ஷதா இரண்டு முறை கேட்டாள்.

"பொய் சொல்றார்," என்றாள் பிரதிபா.