மூன்று குச்சிகள்

பழைய கோட்டைச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்குகிறவளின் கண்ணில் முதலில் படுவது அந்த மூன்று குச்சிகள்தான். காலையில் பூங்காக் காவலர் காட்டியபோது முக்கோணமாக நின்றவை, இப்போது ஒரே வரிசையில் ஸ்டம்பாக நிற்கின்றன. உச்சியில் அடித்த சிவப்புச் சாயம் வெயிலில் கண்ணைக் குத்துகிறது. புருஷன் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பந்து போடுகிறான், கொழுந்தன் மட்டையை வீசுகிறான், "அவுட்டு!" என்ற கூச்சலில் கடற்பறவைகள் கலைந்து எழும்புகின்றன. அவளுக்கு மண்டை கொதிக்கிறது. "அது எதுக்கு நட்டிருந்தாங்கன்னு தெரியுமா? கீழ ஆமை முட்டை இருக்கு! அந்த மனுஷன் தொண்டை கிழியச் சொன்னாரு, நீங்க போன்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு நின்னீங்க." புருஷன் சிரிக்கிறான். "குச்சிதானே? திரும்ப நட்டாப் போச்சு. அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?" ஒன்றைப் பிடுங்கி, நாலு எட்டு நடந்து, கூர்முனையை மணலில் இறக்கப் போகிறான். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடிக்கிறாள். அவள் வளையல் அவன் கைக்கடிகாரத்தில் மோதிக் கிணுங்குகிறது. "இங்கதான் இருந்துச்சா? நிச்சயமாத் தெரியுமா?" அவன் சுற்றிலும் பார்க்கிறான். பந்தைத் துரத்திய கால்கள் கரையை உழுது போட்டிருக்கின்றன; எங்கு பார்த்தாலும் ஒரே மணல். மட்டையைக் கீழே போடக் குனிந்த கொழுந்தன், போடாமல் நிமிர்கிறான். "சரி விடு, வா போலாம்" என்று முணுமுணுத்தபடி புருஷன் ஒரு காலைத் தூக்குகிறான். "எங்க வைக்கப்போறீங்க அந்தக் காலை?" என்கிறாள் அவள். தூக்கிய கால் அந்தரத்திலேயே நிற்கிறது.