கார் பறக்கிற கோட்

தில்லையடியில் அஃப்ராஸின் தங்கச்சி றைஸாவைப் பெண் பார்க்க உம்மாவோடு வந்திருந்தான் சியாம். பள்ளிக்கூடக் கூட்டாளியின் வீடுதான். ஆனாலும் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சுக்கு எதையாவது பிடிக்க வேண்டுமே!

“டேய் அஃப்ராஸ், அந்தக் காலத்துல வீடியோ கேம் கடையில எந்தச் சீட் கோட் கேட்டாலும், ‘தண்ணி குடிச்சிட்டு வாறன்’ எண்டு வீட்டுக்கு ஓடுவாய். வந்து பிழையில்லாமச் சொல்லுவாய். கார் பறக்கிற கோட் ஞாபகமா?”

“மேல, மேல, வட்டம்...” அஃப்ராஸ் தலையைச் சொறிந்தான். “பத்து வருசமாச்சேடா!”

“மறந்திட்டியா? நீயா?”

தேத்தண்ணித் தட்டோடு வந்த றைஸா, குனிந்த தலை நிமிராமல் கோப்பையை வைத்தாள்.

“மேல, மேல, வட்டம், சதுரம், கீழ, முக்கோணம், திரும்ப வட்டம். கடைசி வட்டத்தை விட்டா கார் வெடிச்சிரும்.”

சியாம் வாயைப் பிளந்தான். அஃப்ராஸ் கூரை முகட்டைப் பார்த்தான்.

“கோட் எழுதின கொப்பிய வாப்பா கிழிச்சிட்டார்டா. அதுக்கு முதலே இவள் முழுக்கப் பாடமாக்கிட்டாள்.”

“அப்ப நீ ஒருநாளும் தண்ணி குடிக்கல்ல?”

றைஸா முதன்முறையாகத் தலை நிமிர்த்தினாள்.

“இனி நாநாவ ஓடவிடாதீங்க. என்னட்டயே கேளுங்க.”