இரண்டு வருடக் கம்பி

ஓசூர் முலாம் பட்டறையில் பழைய விஷக் குரோமியத் தொட்டிகளை எடுத்துவிட்ட பிறகு யாருக்கும் மூக்கில் புண் வருவதில்லை. ஆனால் புதுத் தொட்டியில் ஏறும் குரோம் பூச்சு உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். என்றாவது விரிசல் விடும். எத்தனை வருடத்தில் என்று அளவுக் கருவி முன்கூட்டியே சொல்லிவிடும்.

அன்று எலும்போடு பொருத்தும் செயற்கைக் கால்களுக்காக பூச்சு ஏற்றிய இரண்டு கம்பிகளைப் பட்டறையில் வேலை செய்யும் பெனிட்டா அளந்தாள். ஆறு வருடம் தாங்கும் கம்பி அவள் கணவன் சகாயராஜின் பெயருக்கு விழுந்திருந்தது. இரண்டு வருடக் கம்பி, சேலம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பெண்ணுக்கு.

பேசாமல் பெட்டியை மூடப் போனாள், மனசு வரவில்லை. கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“அந்தம்மா சுமையோட நடக்கணுமே. நான் கவுண்டர்ல உக்காந்து டிக்கெட் குடுக்குறவன். மாத்தி வெச்சிரு,” என்றான் அவன்.

“ரெண்டே வருஷத்துல மறுபடி ஆபரேஷன்ங்க. போன தடவ வலியில எப்படிக் கத்துனீங்க!”

“இன்னொரு தடவ கத்திக்கிறேன். நீ மாத்து.”

பெனிட்டா பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டினாள். பிறகு மேனேஜரிடம் போய், இரண்டு வருடம் கழித்து வரும் நவம்பரில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.