பாதியில் நிற்கும் பேச்சு

எழுபதுகளின் ஜப்பான், நகோயா நகரம். அதிவேக ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் ஹட்சுயே டீ ஊற்றுகிறாள். எதிரே, மாலை வெயிலில், மடியில் ரயில் சத்தம் பற்றிய ஆய்வுக் கேள்வித்தாளோடு சமூகவியல் ஆசிரியர் முனகாதா. "சத்தத்த அளக்க என்ஜினியர் இருக்கான், உனக்கு அங்க என்னய்யா வேலை?" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். முனகாதா தாளைப் பார்த்துக் கேட்கிறார்: "ரயிலால தொந்தரவு உண்டா அக்கா?" "பழகிப்போச்சு சார். எங்க வீட்டுக்காரர் விடுற குறட்டைய—" சன்னல் கண்ணாடி அதிர்கிறது. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, அவளுடைய இடது கை அலமாரியிலுள்ள பீங்கான் பூனையை விழாமல் பிடித்துக்கொள்கிறது. ரயில் கடந்ததும், "—விட இது எவ்வளவோ மேல்," என்று விட்ட இடத்திலிருந்து முடிக்கிறாள்.

'தொந்தரவு இல்லை' என்ற கட்டத்தின்மேல் வைத்த பேனாவை முனகாதா மெல்ல எடுக்கிறார். தாளில் இல்லாத கேள்வி ஒன்று அவருக்கு வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிப் பேச்ச நிறுத்துவீங்கக்கா?"

"நானா? நான் எங்க நிறுத்தினேன்?" ஹட்சுயே வாய்விட்டுச் சிரிக்கிறாள். "நல்லா கேட்டீங்க போங்க! நான் பேச ஆரம்பிச்சா அந்தக் கடவுளே வந்தாலும் நிறுத்த—"

கோப்பையில் டீ நடுங்குகிறது. பூனையை நோக்கிப் போய்விட்ட தன் கையை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள்.