குப்புறப் போடாத கதவு

"குப்புறப் போடுடான்னு சொல்றேன் இல்ல."

நைனா, அதான் எங்கப்பா, இதைச் சொல்றது மூணாவது தபா. அரசு பாவா காதுல வாங்கல. மல்லாக்க வெச்ச கதவு மல்லாக்கவே கெடந்துச்சு.

எனக்குப் பாதி கோவம், பாதி பயம்.

இதை விட்டா வேற கதவு இல்லை. பூஜை அலமாரிக்கு ஒத்தைக் கதவு. உள்ள எரியற விளக்கு வெளிய தெரியற மாதிரி நடுவுல வேல் வடிவத்துல ஓட்டை போடணும். முந்தின நாள் அறுத்த கதவுல வேலோட ஓரமெல்லாம் மைக்கா பேந்து, எலி கரண்டின மாதிரி ஆயிடுச்சு. பழைய பிளேடு, பெரிய பல்லு. அந்தச் சந்தனக் கலர் மைக்கா இப்போ வர்றதே இல்லையாம். திருத்தணி முழுக்க அலைஞ்சதுல ஒரே ஒரு ஷீட்டு கெடைச்சுது.

வேலை நடக்கற வீடு அபிராமசுந்தரி மாமியோடது. அவங்க வீட்டுக்காரருக்கு மலைமேல கோயில் மடப்பள்ளியில சமையல் வேலை. மாமி காலையிலேயே நைனாகிட்ட தீர்த்துச் சொல்லிட்டாங்க.

"நாகராஜா, சிலும்பின வேலுக்கு நான் கற்பூரம் காட்ட மாட்டேன். இதுவும் போச்சுன்னா அரக்கோணத்து ஆளை வரச் சொல்லிடுவேன். கோச்சுக்காதே."

அந்தத் தெருவுல எல்லாரும் சொந்தக்காரங்க. ஒரு வீட்டுல பேரு கெட்டா தெருவே போச்சு.

அதான் நைனா யாரையும் நம்பாம, தானே கடைக்குப் போயி புது பிளேடு வாங்கிகினு வந்தாரு. வந்ததும் மாமிகிட்ட காட்டினாரு.

"பாருங்கம்மா, பல்லு எவ்ளோ பொடி. மைக்காவுக்குன்னே வர்றது. நானே பாத்து எடுத்தேன். பசங்களை அனுப்பினா எதையாவது வாங்கிகினு வந்து நிப்பானுங்க."

பாவா அதை வாங்கி, பிளேடு மேலயும் கீழயும் போயி வந்து அறுக்கற மெஷின்ல மாட்டுச்சு. மாட்டறதுக்கு முன்னாடி உத்துப் பாத்துச்சு. அப்புறம் என்கிட்ட வந்துச்சு.

"மோனி, கதவு முகத்துல டேப் ஒட்டி, அதுமேல படம் வரைஞ்சிடு."

"முதுகுல வரைஞ்சாச்சு பாவா."

"பரவால்ல. இன்னொரு தபா வரை."

முதுகுலதான் வரையணும். எங்க தொழில்ல அது அ, ஆ. பிளேடு மேல ஏறும்போதுதான் கடிக்கும். அதனால மேல இருக்கற பக்கம்தான் சிலும்பும். மைக்கா முகம் கீழ இருக்கற மாதிரி கதவைக் குப்புறப் போட்டு அறுத்தா சிலும்பெல்லாம் முதுகோட போயிடும், முகம் சுத்தமா வரும். பத்தோட நின்ன எனக்கே இது தெரியும்.

பாவா எங்க அத்தை பையன். தனியா ஒரு மெஷின் வாங்கித் தொழில் பண்ணணும்னு அதுக்கு ஆசை. நைனா பேரைக் கெடுத்துட்டு, இதே தெருவுல வேலை புடிக்கப் பாக்குதோன்னு எனக்குத் தோணுச்சு. தோணுனதை மறைக்கல, மூஞ்சிக்கு நேராவே கேட்டேன்.

"வேணும்னே பண்றியா பாவா?"

"கதவை அழுத்திப் புடி."

"இது போச்சுன்னா மாமிகிட்ட நீயா பதில் சொல்லுவ?"

"ஆங்."

சுவிட்சைப் போட்டுடுச்சு.

நைனா கத்தினது சத்தத்துல கேக்கல. வாய் மட்டும் தெரிஞ்சுது. மாமி கண்ணை மூடிகினு முருகா, முருகான்னாங்க. மெஷின் என்னிக்கும் இல்லாத மாதிரி மேல மேல துள்ளுச்சு. பாவா உடம்பு பாரத்தை எல்லாம் அதுமேல போட்டு, அழுத்தி அழுத்தி ஓட்டுச்சு. அவ்ளோ அழுத்தறது எங்க வழக்கமே இல்லை. மாமிக்குப் படம் காட்டுதுன்னு நெனைச்சேன்.

அறுபட்ட துண்டு கீழ விழுந்துச்சு. டேப்பை உரிக்க எனக்குத் தைரியம் வரல. மாமிதான் உரிச்சாங்க. ஓரத்துல விரலை ஓட்டினாங்க. ஒரு சுத்து முடிச்சு, மறுபடி ஓட்டினாங்க.

"வழுவழுன்னு இருக்கே நாகராஜா. ஒரு பிசிறு இல்லை."

நைனாவுக்கு மூச்சு வந்துச்சு. மூச்சோட பேச்சும் வந்துடுச்சு.

"பிளேடு அப்படிம்மா. பாத்து வாங்கத் தெரியணும். இந்தக் கழுதை சொன்ன பேச்சு கேக்காம, ஏதோ முருகன் புண்ணியத்துல தப்பிச்சான். ஏன்டா திருப்பிப் போடல?"

"மறந்துட்டேன் மாமா."

"மறந்துட்டானாம். இவனுக்குத் தனி மெஷின் ஒரு கேடு."

மாமி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மாமி காபி குடிக்கக் கூப்பிட்டாங்க. நைனா போகும்போது திரும்பிச் சொன்னாரு.

"அந்தப் பிளேடைக் கழட்டாதே. மெஷின்லயே விட்டு வை. நாளைக்கு ஆர்.கே.பேட்டை வேலைக்கும் அதான்."

"ஆங் மாமா."

நைனா தலை மறைஞ்சதும் பாவா பிளேடைக் கழட்டுச்சு. நான் சும்மா விடுவேனா? புடுங்கினேன். சூடு ஆறல. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன்.

பல்லு அத்தனையும் கீழ பாத்துகினு இருந்துச்சு.

மேல ஏறும்போது கடிக்கிற பிளேடு இல்லை. கீழ எறங்கும்போது கடிக்கிறது, அதான் மெஷின் அப்படித் துள்ளுச்சு. குப்புறப் போட்டிருந்தா முகம்தான் பேந்திருக்கும்.

"நைனா தப்பா வாங்கிகினு வந்துட்டாரா?"

"நல்ல பிளேடுதான். இதுக்குக் கதவு மல்லாக்க இருக்கணும், அவ்ளோதான்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"மாமி நின்னுகினு இருந்தாங்க இல்ல."

பாவா பிளேடை டேப்புல சுத்தி சட்டைப் பாக்கெட்டுல போட்டுச்சு.

"போற வழியில பல்லு மேல பாத்த பிளேடா ஒண்ணு வாங்கி மாட்டிடறேன். நாளைக்கு மாமா குப்புறப் போடுன்னு சொன்னா, போட்டுடலாம்."

பிளேடை மெஷின்லயே விட்டு வைக்கச் சொன்னாரு நைனா. பாவா விட்டு வைக்கல.