வேறொருத்திக்குச் சொன்ன ‘கண்ணு’

அறுவை சிகிச்சைக்கு முன்னால், அதைச் செய்துகொண்டால் பின்னாளில் எப்படி இருப்போம் என்று ஆஸ்பத்திரியில் நிழல்களைக் காட்டுவார்கள். செங்கமலத்துக்கும் இரண்டு நிழல்கள் திரையில் வந்து உட்கார்ந்தன. இரண்டும் அவளேதான், சில வருஷம் கழித்து. பெண்ணுறுப்பில் மச்சம் போலக் கிளம்பிய மெலனோமா புற்றைச் சுற்றிலும் கொஞ்சம் சதையோடு மட்டும் எடுத்துக்கொண்டவள் ஒருத்தி. அந்த இடத்தையே மொத்தமாக எடுத்துவிட்டவள் இன்னொருத்தி.

“ரெண்டு பேரும் பேசுவாங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க,” என்றார் டாக்டர் அமுதினி.

சின்ன அறுவைக்காரியிடம்தான் புருஷன் போய் நிற்பான் என்று செங்கமலம் நினைத்திருந்தாள். நல்லமுத்துவோ அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, நேரே மற்றவளிடம் போனான். அவள் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

“ரொம்ப வலிக்குதா கண்ணு?”

செங்கமலத்துக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ‘ஏ புள்ள’தான். இரண்டு பிரசவத்திலும்கூட அவன் வாயில் ‘கண்ணு’ வரவில்லை. திரையில் இருக்கிறவளுக்கு மட்டும் என்ன இவ்வளவு குழைவு? அந்தச் சிறுக்கியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்லீங்க மாமா,” என்று கொஞ்சினாள்.

டாக்டர் செங்கமலத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்களுக்குச் சின்னதே போதுங்க. பெருசாப் பண்ணினாலும் ஆயுசு ஒண்ணும் கூடாது. சின்னதுக்கே தேதி போட்டுடட்டுங்களா?”

நல்லமுத்து இன்னும் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். “போயிட்டு வர்றேன் கண்ணு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். “ஏ புள்ள, சட்டுனு சொல்லு.”

செங்கமலம் திரையில் இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பெருசே பண்ணிடுங்க டாக்டர்,” என்றாள்.