பேப்பரில் இல்லாத ஒரு வரி

“பதினெட்டுத் தட்டு அத்தை. ஒண்ணுகூட கம்மியாகக் கூடாது. கவுன்சிலர் கார்ல இருந்து எறங்கினதும் ஆரத்தி எடுத்துடணும்” என்றான் மாறன்.

எதிர்வீட்டுத் தனம் தட்டை நீட்டிக் காட்டினாள். மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கிடந்தன.

“இன்னும் கரைக்கலையா?”

“எதுல கரைக்கிறது? மூணு மாசமா தெரு மோட்டார் எரிஞ்சு கெடக்குது. ரெண்டு கிலோமீட்டர் குடத்தைத் தூக்கிட்டு நடக்கிறோம். அந்தத் தண்ணியை அவரு ஆரத்திக்கு ஊத்தணுமா?”

மாறன் தெருமுனையைக் காட்டினான். கிரிவலப் பாதையை ஒட்டி, சித்ரா பௌர்ணமிக்கு வரும் பக்தர்களுக்காகக் கவுன்சிலர் சகாதேவன் திறந்துவைக்கப்போகும் தண்ணீர்ப் பந்தல். முப்பது கேன் அடுக்கியிருந்தது.

“அதுல ஒரு சொம்பு எடுத்துக்கலாம் அத்தை.”

“திறக்கிறதுக்கு முன்னால யாரும் கை வைக்கக் கூடாதுன்னு காலையில நீதானடா வெரட்டின?”



“தெருவுக்கே மொதல் பட்டதாரின்னு சால்வை போட்டோம்” என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மாள். “மோட்டாருக்கு மனு எழுதுவேன்னு பாத்தா, அந்த ஆளுக்குப் பேச்சு எழுதிக் குடுக்கிற.”

“இந்த வேலைதாங்க்கா கெடைச்சுது. வீட்டுக்கு என் சம்பளம் ஒண்ணுதான்.”

“அதையாவது ஒழுங்கா எழுதறியா? நாலு வருஷமா அதே பேச்சு. ஒரு வரி மாறல.”

“அவரு மாத்த விடறதில்ல. ‘கைதட்டு வாங்கின வரிடா, கை வைக்காத’ம்பாரு.”

“நல்லா தட்டுடா ஜால்ரா.” தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார் வந்து நின்றது. சகாதேவன் இறங்கி, கைகூப்பி, நெற்றியை வாகாகச் சாய்த்துக் காட்டியபடி நின்றார். பெண்கள் தட்டோடு நின்றார்கள். யாரும் அசையவில்லை.

“கற்பூரம் ஏத்துங்கம்மா” என்றார் சிரித்துக்கொண்டே.

“உரிய நேரத்தில் ஏற்றப்படும்” என்றாள் தனம்.

மலை சுற்றிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். நாலைந்து போன்கள் உயர்ந்தன.

சகாதேவன் சிரிப்பை விடவில்லை. “இன்னாம்மா, தட்டெல்லாம் காய்ஞ்சு கெடக்குது?”

“தண்ணி ஊத்தறது பரிசீலனையில இருக்குதுங்க” என்றாள் எல்லம்மாள்.

அவர் மைக்கை வாங்கினார். மாறன் பேப்பரை நீட்டினான்.

“உங்கள் வீட்டுப் பிள்ளையாகிய நான்...”

“இந்தத் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையை மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்றிருக்கிறேன்” என்று பதினெட்டுப் பெண்களும் சேர்ந்து முடித்தார்கள்.

சகாதேவன் ஒரு வரி தாண்டினார். “போர்க்கால...”

“அடிப்படையில் பணிகள் நடைபெற்று வருகின்றன.”

ஒரு பத்தியே தாண்டினார். “எதிர்க்கட்சியினர்...”

“இதில் அரசியல் செய்கிறார்கள்.”

வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவருக்கு இல்லை.

அப்போதுதான் கவனித்தார். ஒவ்வொரு தட்டிலும், வெற்றிலைக்கு அடியில், அவருடைய பேச்சு. அச்சடித்து நாலாக மடித்த தாள்.

“இது எப்படி உங்க கைக்கு வந்துது?”

“காலையில கதவைத் தொறந்தா சொருவி இருந்துது. எல்லா வீட்டுலயும். யாரு வெச்சாங்கன்னு தெரியல, நல்லா இருக்கட்டும்.” தனம் ஒரு அடி முன்னால் வந்தாள். “இதுல இருக்கிறதை எல்லாம் நாங்களே சொல்லிட்டோம். நீங்க இதுல இல்லாதது ஒண்ணு சொல்லுங்க. நின்னு கேக்கறோம்.”

சகாதேவன் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மாறனைப் பார்த்தார்.

“அவ்ளோதாண்ணே” என்றான் மாறன்.

சகாதேவன் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“மோட்டார்... வெள்ளிக்கிழமை வந்துடும்.”

“எந்த வெள்ளிக்கிழமைங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமைதாம்மா.”

“எத்தினி மணிக்கு?”

“பத்து மணிக்கு.”

“அதுவரைக்கும்?”

போன்கள் இறங்குவதாக இல்லை. சகாதேவன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“என் வீட்டு போர்ல புடிச்சுக்குங்க. கேட்டைத் தொறந்து வெக்கச் சொல்றேன்.”

தனம் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “அப்ப வெள்ளிக்கிழமை மோட்டாரோட வாங்க. ஆரத்தி கரைச்சு வெக்கிறோம்.”

பதினெட்டுத் தட்டுகளும் வீட்டுக்குப் போயின. ஆரத்தி இல்லாமலே பந்தல் ரிப்பனை வெட்டிவிட்டு, சகாதேவன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். மாறன் முன்சீட்டில் உட்கார்ந்தான்.

“எதிர்க்கட்சிக்காரன் வேலைடா இது. நம்ம ஆபீஸ்ல இருந்தே எவனோ எடுத்துக் குடுத்திருக்கான்.” பேப்பரைக் கசக்கி எறிந்தார். “எவனா இருந்தாலும் சரி. சம்பந்தப்பட்டவன் மேல கடுமையான நடவடிக்கை எடுப்பேன்.”

மாறன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான்.

“நான்தாண்ணே. இன்னிக்கே எடுத்துடுங்க. நாலு வருஷத்துல நீங்க எடுத்த மொதல் நடவடிக்கையா இது இருக்கட்டும்.”